புதிய பிரெஞ்சு ஆசிரியருக்குப் பிரெஞ்சு ஆசிரியரே துணை

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஆங்கிலமொழிப் பாடசாலைகளில் தரம் 4 முதல் 8 வரை பிரெஞ்சு கட்டாய பாடம். தரம் 8 முடியும்போது 600 மணித்தியாலம் படித்திருக்க வேண்டும் என்பது மாகாணம் வகுத்த இலக்கு. நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 நிமிடம். அந்த 40 நிமிடத்தைப் பொறுப்பெடுக்கும் புது ஆசிரியர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே ஆங்கில வகுப்புக்கு மாறிப் போய்விடுகிறார்கள்.

முதற் சிக்கல் இடம். பல பாடசாலைகளில் பிரெஞ்சு ஆசிரியருக்கென்று ஒரு வகுப்பறை இல்லை. படஅட்டை, புத்தகம், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போகிறார். ஒரு பாடம் முடிகிற மணிதான் அடுத்த பாடம் தொடங்குகிற மணியும். போய்ச் சேர்ந்தால் கரும்பலகை நிறையக் கணக்கு, அழிக்கவும் கூடாது. இப்படி நாளுக்கு 5 நிமிடம் போனாலே ஆண்டுக்கு 15 மணித்தியாலம் போய்விடும். தனி அறை கொடுக்க முடியாவிட்டால், ஒவ்வொரு வகுப்பிலும் பலகையில் கால்பங்கையும் சுவரில் ஓரிடத்தையும் பிரெஞ்சுக்கு ஒதுக்கலாம். ஒரே மாடியில் உள்ள வகுப்புகள் அடுத்தடுத்து வரும்படி நேரசூசி போடலாம். இதற்குப் பணம் தேவையில்லை.

2006 முதல் புதிய ஆசிரியர்களுக்கான அறிமுகத் திட்டம் இங்கே இருக்கிறது. வழிகாட்டி ஆசிரியர் ஒருவரும் பயிற்சியும் உண்டு, அதிபர் இருமுறை வகுப்பைப் பார்த்து மதிப்பிடுவார். ஆனால் ஒரு பாடசாலையில் பிரெஞ்சு ஆசிரியர் ஒருவரோ இருவரோதான் இருப்பதால், வழிகாட்டியாக வருபவர் பெரும்பாலும் வேறு பாடம் கற்பிப்பவர். தேர்ச்சி அறிக்கை எழுதவும் பெற்றோருடன் பேசவும் அவர் உதவுவார். முழு வகுப்பையும் பிரெஞ்சிலேயே வைத்திருப்பது எப்படி என்பதை அவரால் காட்ட முடியாது. அயற் பாடசாலையின் பிரெஞ்சு ஆசிரியரை வழிகாட்டியாக்கி, செப்டெம்பரிலேயே இருவரும் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்க அரைநாள் விடுப்புக் கொடுக்க வேண்டும். ஜனவரியில் கொடுத்தால் பிழையான பழக்கங்கள் அதற்குள் ஊறிவிடும்.

அந்தப் பழக்கங்களில் மோசமானது, பிள்ளை விளங்காமல் விழித்தவுடன் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவது. சில கிழமைக்குள் வகுப்பு முழுவதும் ஆங்கிலத்துக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். சைகை, படம், அதே வசனத்தை இன்னும் மெதுவாகத் திரும்பச் சொல்வது, இவைதான் அந்த இடத்தில் வேண்டும். 'விளங்கவில்லை', 'திரும்பச் சொல்லுங்கள்', 'கழிவறைக்குப் போகலாமா' ஆகிய மூன்றையும் முதல் நாளே பிரெஞ்சில் பழக்கிச் சுவரிலும் ஒட்டிவிட வேண்டும்.

முதல் ஆறு கிழமை வாய்மொழிக்கே. ஆசிரியர் தன்னைப் பற்றி 'ழெம் நாஜே' (எனக்கு நீந்தப் பிடிக்கும்) என்று சொல்லி, 'ஏ துவா?' (உனக்கு?) என்று ஒரு பிள்ளையைக் கேட்கிறார். 'ழெம் தான்சே' (எனக்கு நடனமாடப் பிடிக்கும்) என்று முழு வசனமாகவே பதில் வரவேண்டும், ஒற்றைச் சொல் போதாது. அடுத்த பிள்ளையிடம், முன்னவள் என்ன சொன்னாள் என்று கேட்டால் 'எல் எம் தான்சே' (அவளுக்கு நடனமாடப் பிடிக்கும்) வரும். ஒரு சுற்று முடிவதற்குள் ஒரே வசன அமைப்பு இருபது தடவையாவது காதில் விழுந்திருக்கும். வாசிப்பும் எழுத்தும் அதற்குப் பிறகே. இதை விட்டுவிட்டு நிறங்கள், மிருகங்கள் என்று இருபது சொல்லைப் பாடமாக்கி வெள்ளிக்கிழமை பரீட்சை வைத்தால் புள்ளி நன்றாக வரும். திங்கட்கிழமை ஒரு வசனம் பேச வராது.

இந்த இடத்தில் எங்கள் பெற்றோருக்கும் பங்குண்டு. ஒக்ரோபரில் பிரெஞ்சுக் கொப்பி வெறுமையாக இருக்கிறது என்று அதிபரிடம் முறையிட்டால், அனுபவமில்லாத ஆசிரியர் பயந்து பயிற்சித்தாள்களுக்குத் திரும்பிவிடுவார். கொப்பியைப் பார்ப்பதைவிட, பிள்ளை தன்னைப் பற்றி மூன்று வசனம் பேசுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பாடசாலைப் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது அதிபரிடம் கேட்க வேண்டியவை: புது பிரெஞ்சு ஆசிரியரின் வழிகாட்டி பிரெஞ்சு கற்பிப்பவரா, புது ஆசிரியரின் படஅட்டைகளும் புத்தகங்களும் எந்த அறையில் இருக்கின்றன.

பிரெஞ்சு ஆசிரியர்கள் சிலர்,
ஸ்காபரோ