மொரோகோரோ பள்ளி நூலகத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

தான்சானியாவின் உலுகுரு மலையடிவாரத்தில், மொரோகோரோ நகரைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் நூலகம் திறந்தாயிற்று. உங்களில் பலர் இந்த ஊரைப் பார்த்ததில்லை. என்னை நம்பித்தான் கொடுத்தீர்கள்.

வீட்டுப் பிள்ளைகள் படித்து முடித்த ஆங்கிலப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பத் தயாராக இருந்தவர்களுக்கு முதல் நன்றி. "புத்தகம் வேண்டாம், பணமாகக் கொடுங்கள்" என்று நான் கேட்டதும் கோபித்துக்கொள்ளாமல் சம்மதித்தீர்களே, அதுதான் பெரிய உதவி. இங்கே அரசுத் தொடக்கப்பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை பாடமெல்லாம் சுவாஹிலியில்தான். உயர்நிலைப் பள்ளியில் கால் வைத்ததும் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். பழகிய மொழியிலேயே தடுமாறாமல் வாசிக்க வராத பிள்ளை அங்கே போய் என்ன செய்யும்? முதலில் சுவாஹிலிக் கதைகள் வேண்டும். அவை இந்த நாட்டிலேயே கிடைக்கின்றன. 1991இல் தொடங்கிய ம்கூகி நா நியோட்டா போன்ற பதிப்பகங்கள் தார் எஸ் சலாமில் இருக்கின்றன. உங்கள் பணத்தில் பெரும்பகுதி சுவாஹிலிப் புத்தகங்களுக்கே போயிற்று. அதோடு, ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சிடலாம் என்று விட்டிருக்கும் கதைகளைத் தன் செலவில் அச்சடித்துத் தைத்துக் கொடுத்த தார் எஸ் சலாம் தமிழ்க் குடும்பத்துக்கும் நன்றி.

தலைமை ஆசிரியருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 2016இல் பள்ளிகளில் கட்டாய வசூல் நின்றதிலிருந்து பிள்ளைகள் கூடிவிட்டார்கள், வகுப்பறைகள் போதவில்லை. அந்த நெருக்கடியிலும் தன் அறையைப் பாதியாகத் தடுத்து நூலகத்துக்கு விட்டார் அவர்.

அலமாரிகள் ம்னிங்கா மரம். நம் ஊர் வேங்கைக்குப் பங்காளி, கரையான் லேசில் தொடாது. ஊர்த் தச்சர் மரத்துக்கு மட்டும் காசு வாங்கினார். கூலியைப் பற்றிக் கேட்டால், "என் பேரன் இங்கேதானே படிக்கிறான்" என்றார். மார்ச் மாத மழையில் சேறான பாதையில், தார்ப்பாய் சுற்றிய பெட்டிகளை நனையாமல் கொண்டுவந்து சேர்த்த போடாபோடா (வாடகை மோட்டார் சைக்கிள்) ஓட்டுநர்களையும் மறக்க முடியாது.

அப்புறம், நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை. புத்தகத்தைப் பூட்டி வைத்துக் காப்பது அவருக்குப் பிடிக்காது. வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறார். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்கிறார். அதிகம் கைமாறுவது சுங்குரா முயலும் கழுதைப்புலியும் வரும் கதைகள்தாம். வெள்ளிக்கிழமைகளில் ஊர்ப் பாட்டிமார் வந்து கதை சொல்கிறார்கள். கதை தொடங்கும்போது வழக்கப்படி பாட்டி "பௌக்வா!" என்றதும் பிள்ளைகள் "பகாவா!" என்று கத்துவது சாலை வரை கேட்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கிற சின்னப் பிள்ளைகள் கதை முடிந்ததும் அதே முயலைத் தேடி அலமாரிக்கு ஓடுகிறார்கள். அந்தப் பாட்டிமாருக்கும் என் வணக்கம்.

மீதிப் பணம் தலைமை ஆசிரியர், பெற்றோர் குழு இருவரின் பொறுப்பில் இருக்கிறது. ஜனவரியில் புது வகுப்பு தொடங்கும்போது ஒன்றாம் வகுப்புக்குப் படக்கதைகள் வாங்கப்போகிறார்கள். எந்தெந்தப் புத்தகம் என்பதை ஆசிரியையே தேர்ந்தெடுப்பார். வரவு செலவுக் கணக்கை ரசீதுகளோடு உங்கள் ஒவ்வொருவருக்கும் அனுப்பிவைக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் நண்பன்