எருமையைத் தொடுவது குண்டு, துப்பாக்கியின் எண் அல்ல

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த ஆப்பிரிக்க வேட்டைக் கட்டுரை, .375, .416, .458 என்று துப்பாக்கியின் எண் ஏற ஏற விலங்கு சீக்கிரம் விழும் என்கிற எண்ணத்தைத் தருகிறது. அந்த எண் குண்டின் விட்டத்தை ஏறக்குறைய அங்குலக் கணக்கில் சொல்வது, அவ்வளவே. எருமை நூறு அடிக்குள் விழுமா, தோளில் சிதறிய காயத்தோடு புதருக்குள் புகுந்து நாள்கணக்கில் வதைபடுமா என்பது குண்டை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முதலில் ஒரு சொல் திருத்தம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, பற்றவைக்கும் கேப், வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுப்பொருள். விலங்கின் உடம்புக்குள் போவது குண்டு மட்டும்தான். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது.

செம்பு உறைக்குள் ஈயம் ஊற்றி, மூக்கை மட்டும் திறந்து விட்டது மென்மூக்குக் குண்டு. பட்டதும் காளான் போல விரிந்து அகலமான காயம் உண்டாக்கும். 1890களில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச் சாலையில் .303 ரைபிளுக்குச் செய்த குண்டும் இந்த வகைதான். 1899 ஹேக் பிரகடனம் போரில் அதைத் தடை செய்தது. வேட்டையில் தொடர்கிறது, ஏனென்றால் அங்கே விலங்கு விரைவாகச் சாக வேண்டும்.

சாதாரண மென்மூக்குக் குண்டு எருமையிடம் தோற்பதற்குக் காரணம் உண்டு. எருமையைப் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான் சுடுகிறார்கள். குண்டு வேகம் அதிகம் குறையாமலே போய் அடிக்கும். 300 மீட்டரில் நிற்கும் மானை மனதில் வைத்து மெல்லிய உறையோடு செய்த குண்டு, அந்த வேகத்தில் தோள் எலும்பில் பட்டால் உறை கிழிந்து, ஈயம் தனியே பிரிந்து, துண்டு துண்டாகும். நுரையீரல் வரை போக அதனிடம் எடை மிஞ்சாது. எருமையின் விலா எலும்புகளோ அகலமானவை, நெருக்கமானவை, மேலே தடித்த தோல்.

இதற்குத் தீர்வு பல வழிகளில் கண்டிருக்கிறார்கள். நாஸ்லர் பார்ட்டிஷன் குண்டில் நடுவே ஒரு செம்புச் சுவர். முன்பாதி உடைந்தாலும் பின்பாதி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேமில் அந்தச் சுவரோடு முன் ஈயமும் உறையோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கும். ஆஸ்திரேலியாவின் வுட்லீ வெல்ட்கோரில் சுவர் இல்லை, ஈயமும் உறையும் ஒன்றாகப் பிணைந்தவை. பார்ன்ஸ் நிறுவனத்தின் டிஎஸ்எக்ஸில் ஈயமே இல்லை, முழுச் செம்பு. நல்ல குண்டு எதுவென்று தெரிய, தோலுரிக்கும்போது மறுபக்கத் தோலுக்கு அடியில் புடைத்து நிற்கும் குண்டை எடுத்துப் பாருங்கள். செம்புக் குண்டு என்றால் நான்கு இதழ்கள் பூப்போலப் பின்னால் மடிந்திருக்கும், தண்டு அப்படியே இருக்கும். தராசில் வைத்தால் 300 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) ஏறக்குறைய 300 ஆகவே நிற்கும். வளைந்த வெற்று உறை மட்டும் கிடைத்தால் அந்தக் குண்டை அடுத்த முறை தொடாதீர்கள்.

எடைக்கு வருவோம். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் என்ற தோட்டா 1912இல் வந்தது. அதில் 235, 270, 300 கிரெய்ன் குண்டுகள் கிடைக்கும். கிரெய்ன் எடையை 7,000ஆல் வகுத்து, வந்ததை அங்குலத்தில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஊடுருவும் திறனுக்கு ஓர் அளவு கிடைக்கும். 300க்கு அது 0.305, 235க்கு 0.239தான். ஈயக் குண்டென்றால் எருமைக்கு 300 கிரெய்ன், அதாவது 19.4 கிராம், அதற்குக் குறைவாக வேண்டாம். முழுச் செம்பு என்றால் 270 போதும், எடை இழக்காது. செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால் அதே எடையில் குண்டு நீளமாகி, மருந்தின் இடத்தைத் தின்னும்.

அந்த இடப் பிரச்சினை என்ன செய்யும் என்பதற்கு .458 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவே சாட்சி. 1956இல் வந்தது, 500 கிரெய்ன் குண்டை நொடிக்கு 2,100 அடிக்குமேல் தள்ளும் என்றார்கள். கூடு 2.5 அங்குலம்தான். மருந்தை அமுக்கித் திணிக்க வேண்டியிருந்தது. நாளடைவில் மருந்து கட்டி தட்டி, சரியாக எரியாமல், வேகம் 2,000 அடிக்கும் கீழே இறங்கியது. யானையின் மூளைக்கு எட்டாமல் குண்டு நின்றது. இதனால்தான் பிறகு 2.8 அங்குலக் கூட்டோடு .458 லாட் என்ற தோட்டா பிறந்தது. இன்றைய மருந்துகள் நன்றாக இருக்கின்றன. ஆனாலும் .458 வின்செஸ்டரில் செம்புக் குண்டு போடுகிறவர் 500ஐ விட்டு 450 கிரெய்ன் எடுப்பதே நல்லது.

யானைக்கு மென்மூக்கு ஆகாது. மண்டையோடு தேன்கூடு போன்ற எலும்பு, மூளை அதற்குப் பின்னால் ஆழத்தில். விரியாத திடக் குண்டுதான் போகும். அதிலும் உருண்டை மூக்கைவிடத் தட்டை மூக்கு நேராகப் போகும். தட்டை முகம் தசையையும் நீரையும் பக்கவாட்டில் ஒதுக்கித் தள்ளுவதால் குண்டின் விலாவில் எதுவும் உரசி அதைத் திருப்பாது. யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல் 7 மி.மீ. ரைபிளால் நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டதை உதாரணம் காட்டுவார்கள். அவர் சுட்டது நீண்ட 173 கிரெய்ன் திடக் குண்டு. யானையின் உடற்கூற்றைத் தலைகீழாக அறிந்தவர். அதைச் சிறிய துப்பாக்கிக்கு அனுமதிச் சீட்டாக எடுக்கக்கூடாது. நமீபியச் சட்டம் யானைக்கும் எருமைக்கும் குறைந்தது 5,400 ஜூல் ஆற்றல் கேட்கிறது; .375இன் வழக்கமான 300 கிரெய்ன் தோட்டா சுமார் 5,700 தரும்.

கூட்டத்தில் நிற்கும் எருமைக்கு முதல் குண்டு மென்மூக்கு, காரணம் திடக் குண்டு ஊடுருவிப் போய்ப் பின்னால் நிற்கும் பெண் எருமையையும் காயப்படுத்தும். காயம்பட்டு ஓடும் எருமையைப் பின்பக்கமிருந்து சுட வேண்டிவரும் என்பதால் மேகசினில், அதாவது ரைபிளின் தோட்டா அறையில், மிச்சமெல்லாம் திடம். இரண்டும் ஒரே இடத்தில் அடிக்கின்றனவா என்று முன்கூட்டியே இலக்கில் பார்த்தாக வேண்டும். மேகசின் நிறைய ஏற்றி, எல்லாத் தோட்டாவையும் வேகமாகப் போல்ட் இழுத்துப் பார்க்க வேண்டும், தட்டை மூக்கு சில ரைபிள்களில் ஏறாமல் முட்டும். கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் இறுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுடும்போது வரும் பின்னுதையில் மேகசினில் உள்ள குண்டுகள் கூட்டுக்குள் இறங்கி அழுத்தத்தை ஏற்றிவிடும்.

கடைசியாக, பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல் ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு. .450 குண்டு கலகக்காரர்களின் மார்ட்டினி-ஹென்றி ரைபிள்களுக்குப் போய்விடும் என்று ஆங்கிலேயர் இந்தியாவில் அந்த அளவைத் தடைசெய்ததால் பிறந்த .465 போன்ற ரைபிள்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அவற்றின் குழல் மெல்லியது. கடினமான ஒற்றை உலோகக் குண்டு போட்டால் உள்ளே குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களின் தடம் குழலின் வெளிப்புறத்திலேயே புடைத்துத் தெரியும். உள்ளே ஈயமும் வெளியே மெல்லிய உறையும் கொண்ட குண்டுகளையே அவற்றில் போட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தாருஸ்ஸலாம், தான்சானியா