‘தி ஆபீஸ்’ இறுதி சீசனின் தமிழ் சப்டைட்டில் பிழைகள் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மற்றும் சப்டைட்டில் பிரிவு

பொருள்: ஒன்பதாவது சீசனின் சப்டைட்டிலைத் திருத்தி மீண்டும் ஏற்றக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் தளத்தில் உள்ள ‘தி ஆபீஸ்’, ஒரு காகித நிறுவனத்தின் கிளை அலுவலகத்தை ஆவணப்படக் குழு ஒன்று படமெடுப்பதுபோல் அமைந்த அமெரிக்க நகைச்சுவைத் தொடர். அது 2012 செப்டம்பரிலிருந்து 2013 மே வரை ஒளிபரப்பான இறுதி சீசனோடு முடிகிறது. முதல் எட்டு சீசன்களுக்கு நீங்கள் தந்த தமிழ் சப்டைட்டிலில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒன்பதாவது சீசன் வேறு கைக்குப் போயிருக்கிறது என்பது முதல் எபிசோடிலேயே தெரிகிறது. பழைய சீசன்களின் சொற்பட்டியல் (எந்தச் சொல்லை எப்படி மொழிபெயர்த்தோம் என்ற பட்டியல்) புதிய மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கப்படவில்லை. எட்டு சீசன்களாகச் சேர்த்துவைத்த நகைச்சுவைகளை எடுத்துச் செலவழிக்கும் சீசன் இது. பட்டியல் இல்லாமல் இதை மொழிபெயர்க்கவே முடியாது.

பெரிய பிழை பதவிப் பெயரில் இருக்கிறது. முதல் சீசனிலிருந்தே விற்பனையாளன் டுவைட் தன்னை ‘வட்டார உதவி மேலாளர்’ என்பான். வட்டார மேலாளரான மைக்கேல் உடனே ‘வட்டார மேலாளரின் உதவியாளர்’ என்று திருத்துவார். முன்னது அதிகாரமுள்ள பதவி, பின்னது எடுபிடி வேலை. ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல் செய்யும் வேலையைத் தமிழில் ‘இன்’ என்ற வேற்றுமை உருபு அழகாகச் செய்துவிடுகிறது. முந்தைய மொழிபெயர்ப்பாளர் அப்படித்தான் செய்திருந்தார்.

2013 மே 2 அன்று வந்த எபிசோடில் டுவைட் உண்மையிலேயே வட்டார மேலாளர் ஆகிறான். மே 9 எபிசோடில் அவனுக்குக் கீழே உதவியாளனாக இருக்கும் சக விற்பனையாளன் ஜிம், உதவியாளருக்கும் ஓர் உதவியாளர் வேண்டும் என்று அவனை நம்பவைத்து, டுவைட்டே ஜெயிக்கும்படி போட்டிகளை வைக்கிறான். உங்கள் சப்டைட்டிலில் எல்லாப் பதவிக்கும் ஒரே சொல்: ‘உதவி மேலாளர்’. அதனால் யார் யாருக்குக் கீழே என்பதே புரியவில்லை. சரியான வரி ‘வட்டார மேலாளரின் உதவியாளரின் உதவியாளர்’. நீளமாக இருக்கிறதே என்று சுருக்க வேண்டாம், அந்த நீளம்தான் நகைச்சுவை. இரண்டு வரியாகப் போடுங்கள். முதல் தடவை முழுதாகச் சொல்லிவிட்டால் அதன் பிறகு ‘வ.மே.உ.உ.’ என்று தலைப்பெழுத்தால் குறிக்கலாம். அந்த எபிசோடின் ஆங்கிலத் தலைப்பும் தலைப்பெழுத்துகள்தான்.

அடுத்தது மே 16 அன்று வந்த கடைசி எபிசோட். ஏழாவது சீசனில் போய்விட்ட மைக்கேல் டுவைட்டின் திருமணத்துக்குத் திரும்பி வந்து மிகச் சில வரிகளே பேசுகிறார். அவற்றில் ஒன்று, தொடரில் இருந்தவரை அவர் வாயில் அடிக்கடி வந்த அந்தப் பழைய இரட்டை அர்த்தப் பதில். முந்தைய சீசன்களில் அது ‘அவளும் அதைத்தான் சொன்னா’ என்று வந்திருக்க, இங்கே ‘அவள் கூறியது அதுவே’ என்று மாறிவிட்டது. பழைய வரியை அடையாளம் கண்டுகொள்ளும் அந்த ஒரு நொடிக்காகத்தான் காட்சியே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் டுவைட் பேசும் வரியும் பதிலுக்குப் பொருந்த வேண்டும்: ‘நீங்க வருவீங்கன்னு நினைக்கவே இல்ல’ என்று வைத்தால் பொருந்தும். ‘வருகைக்கு நன்றி’ என்று வைத்தால் பதில் அந்தரத்தில் நிற்கிறது. ஜிம்மும் டுவைட்டும் இதே எபிசோடில் திடீரென்று ‘நீங்கள்’ போட்டுப் பேசுவதையும் மாற்றுங்கள். பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து மல்லுக்கட்டியவர்களுக்கு ‘நீ’தான் சரி.

நேரப் பிழை தனி. இரட்டை நீள எபிசோடுகளில் சப்டைட்டில் வசனத்துக்குப் பின்தங்குகிறது. பிரேம் வேகம் (விநாடிக்கு எத்தனை படச்சட்டங்கள் என்பது) 23.976இலிருந்து 25க்கு மாற்றப்பட்டதால் வந்த பிழையாக இருந்தால் அது சீராக வளர்ந்து, 22 நிமிடத்தில் சுமார் 54 விநாடி ஆகியிருக்கும். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு விளம்பர இடைவெளி இருந்த இடத்திலும் ஒரு படி ஏறி, அடுத்த இடைவெளி வரை அதே அளவில் நிற்கிறது. மூன்றாவது இடைவெளிக்குப் பிறகு 4 விநாடி. அதாவது, இடைவெளியில் இருந்த கறுப்புத் திரை வீடியோவில் வெட்டப்பட்டிருக்கிறது, சப்டைட்டில் கோப்பில் வெட்டப்படவில்லை. எனவே கோப்பு முழுவதையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் நன்றாக இருக்கும் பகுதியும் கெடும். ஒவ்வொரு வெட்டையும் கண்டுபிடித்து, அதற்குப் பின்னுள்ள வரிகளை மட்டும் முன்னுக்கு நகர்த்த வேண்டும். சிரிப்பொலி சேர்க்காத தொடர் இது. வசனம் முடிந்ததும் வரும் மௌனமும் கேமராவை நோக்கிய ஒரு பார்வையும்தான் சிரிப்பு. 4 விநாடி பிந்தினால் அந்தப் பார்வையின் மேல் வசனம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

2013 ஜனவரி 24 எபிசோடின் இறுதிக் காட்சியும் கெட்டுப்போயிருக்கிறது. அழுதுகொண்டிருக்கும் பாம் (ஜிம்மின் மனைவி), கேமராவுக்குப் பின்னால் இருக்கும் ஒலிப்பதிவுக்காரர் பிரையனிடம் பேச, அவர் மைக்கைப் பிடித்தபடி முன்னால் வருகிறார். படக்குழுவில் ஒருவர் இப்படிக் கதைக்குள் நுழைவது பெரிய திருப்பம். உங்கள் சப்டைட்டிலோ அவர் முகம் தெரியும் முன்பே ‘பிரையன் (ஒலிப்பதிவாளர்):’ என்று அறிவித்துவிடுகிறது. பாம் அவர் பெயரைச் சொல்லும் வரை பேசுபவர் பெயர் போடாதீர்கள்.

கடைசியாக, எபிசோட் முடியும்போது அடுத்ததைக் காட்டும் ‘அடுத்து’ பெட்டி. இறுதி எபிசோடில் பாம் தன் வாட்டர்கலர் ஓவியத்தைச் சுவரிலிருந்து எடுக்கும்போதே படம் மூலைக்குச் சுருங்கிவிடுகிறது. கடைசிக் காட்சி முழுதாக முடிந்து பெயர்ப்பட்டியல் தொடங்கும் இடத்தில் அந்தப் பெட்டி தோன்றுவதற்கான குறியை வையுங்கள்.

பதவிப் பெயர், மைக்கேலின் வரி இரண்டையும் முதலில் திருத்துங்கள். அவை கோப்பில் தேடி மாற்றும் வேலைதான். நேரத் திருத்தத்துக்கு எவ்வளவு நாள் ஆகும் என்பதை எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதுவரை பழுதான கோப்பை நீக்கிவிட்டு, ஆங்கில சப்டைட்டிலையாவது சரியான நேரத்தில் வரும்படி வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்