செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: நான்கு ஊர் சேர்ந்து நடத்திய பட்டறைகள்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மாஸ்டரிடம் கடையை ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் தென்காசி உணவக, டீக்கடை உரிமையாளர்களே, வணக்கம்.

நிர்வாகக் குழு இந்த ஆண்டு 9 தடவை கூடியது. புதிதாக 6 பேர் சேர்ந்திருக்கிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கியை நான் மேடையில் பேசவில்லை, நேரில் பேசிக்கொள்ளலாம்.

செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடிச் சங்கங்களோடு சேர்ந்து நடத்திய சுற்றுச்சூழல் பட்டறைகள்தான் இந்த ஆண்டின் பெரிய வேலை. முதல் பட்டறையைச் செங்கோட்டையில் மாலை 5 மணிக்கு வைத்தோம். பரோட்டாக் கல் பற்றவைக்கிற நேரம் அது. நேரம் குறித்தவன் நான்தான், பழியும் என்னுடையதே. வந்தது 11 பேர், அதில் 4 பேர் நிர்வாகிகள். பூமி சூடாவதைப் பற்றி ஒரு மணி நேரம் படம் போட்டுக் காட்டினார்கள். கடைசியில் ஒரு அண்ணாச்சி எழுந்து, “எல்லாம் சரி தம்பி, என் சிலிண்டர் மூணு நாள்ல தீந்துபோகுதே, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றார்.

அடுத்த பட்டறையை அவர் கேள்வியை வைத்தே நடத்தினோம். இடம் கடையநல்லூரில் ஒரு மெஸ்ஸின் அடுப்படி. நேரம் மதியம் 3 மணி, சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு. அடுப்பு மெக்கானிக் ஒருவர் சாம்பார் அண்டாவைக் கவிழ்த்து, அடியை விரலால் தேய்த்துக் கறுப்பைக் காட்டினார். “இது கரி இல்ல, நீங்க காசு குடுத்து வாங்கின கேஸ்” என்றார். பர்னரைக் கழற்றி, அடைத்திருந்த துளைகளைக் கம்பியால் குத்தி, காற்று வழியைச் சரிசெய்து மறுபடி பற்றவைத்தார். மஞ்சளாக ஆடிய தீ நீலமாகி அடங்கி நின்றது. அவ்வளவுதான், யாரும் உபதேசம் செய்யவில்லை. அப்புறம் அந்த அண்ணாச்சி 19 கிலோ சிலிண்டர் மாற்றுகிற தேதியைச் சுவரில் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார். இப்போது நாலாவது நாள் மதியம்வரை வருகிறதாம். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், பட்டறைக்கு வந்தவர்களைவிட அதிகம்.

மின்விசிறிக் கணக்கும் அங்கேதான் போட்டோம். பழைய விசிறி 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற புதுவகை பிஎல்டிசி விசிறி சுமார் 30 வாட். 10 விசிறி தினம் 14 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 190 யூனிட் மிச்சம். வீட்டுக்குக் கிடைக்கிற 100 யூனிட் சலுகை கடைக்குக் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது பட்டறை நம் ஊரில், எண்ணெயைப் பற்றி. சட்டி எண்ணெயில் போலார் கூறுகள், அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் கெட்டு உண்டாகும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 2018 ஜூலையிலிருந்தே அமலில் இருக்கிறது. அந்த எண்ணெயைப் பயோடீசலுக்குக் கொடுக்கலாம். ஆனால் பாதிப் பேர் அதைத் தள்ளுவண்டிக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எண்ணெய் எடுக்க ஒப்புக்கொண்ட ஒரு நிறுவனம் இரண்டு மாதம் வந்தது, பிறகு போனையே எடுக்கவில்லை. கேன்கள் என் கடைப் பின்கட்டில் அப்படியே நிற்கின்றன. வேறு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

புளியங்குடியில் நடந்த நாலாவது பட்டறை பார்சல் கட்டுவதைப் பற்றி, அதில் முழுக்கச் சால்னாதான். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கவருக்குத் தடை, தடிமன் எதுவானாலும். அச்சடித்த செய்தித்தாளில் சாப்பாடு மடிப்பதும் கூடாது. பரோட்டாவுக்கு வாழையிலை இருக்கிறது. ஆனாலும் ஆடிக்காற்றில் இலை கிழிந்து விலை ஏறுகிற அதே மாதங்களில்தான் குற்றாலத்தில் சீசன் கூட்டம். சால்னாவுக்கு என்ன செய்ய? மஞ்சப்பையில் ஊற்ற முடியாதே! தூக்குச்சட்டி கொண்டுவந்தால் ஒரு கரண்டி சால்னா கூடுதல் என்று புளியங்குடிக்காரர் ஒருவர் போர்டு வைத்திருந்தார். நம் உறுப்பினர்கள் 7 பேர் அதையே செய்தார்கள். உள்ளூர்க்காரர்கள் பழையபடி சட்டியோடு வருகிறார்கள். அதிலும் சிலர் கரண்டியின் அளவை உற்றுப் பார்க்கிறார்கள். அருவியில் குளிக்க வந்தவர் தூக்குச்சட்டியோடா வருவார்? அங்கே தோற்றுத்தான் நிற்கிறோம். கவர் இன்னும் போகவில்லை.

வரும் சீசனுக்கு 4 கடைகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் தூக்கு கொடுத்துப் பார்க்கலாம் என்பது குழுவின் யோசனை. ஒரு கடையில் வாங்கிய தூக்கை மற்ற மூன்றில் எதில் வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம். தூக்கு வாங்கச் சங்க நிதியிலிருந்து பணம் எடுக்க இன்று பொதுக்குழுவின் அனுமதி வேண்டும். எதிர்ப்பு இருந்தால் டீ வருவதற்கு முன் சொல்லிவிடுங்கள். டீ கண்ணாடி கிளாஸில்தான் வரும்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்