பட்டப்பகல் வெர்முட் பற்றி செல்வத்துக்கு

பார்சலோனா,
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் அதற்குள்ளாகவா என்று கேட்கத் தோன்றியது, அப்புறம் கண்ணாடியில் என் தலையைப் பார்த்தேன், சரி, நேரம் ஆகிவிட்டதுதான். ஜாதகம், கீதகம் என்று அவளைப் போட்டு வாட்டாதே. அவளுக்குப் பிடித்தவன் எவனாவது இருக்கிறானா என்று முதலில் அவளிடம் கேள், நீ கேட்க மாட்டாய், உன் வீட்டில் தங்கச்சியை விட்டாவது கேட்கச் சொல்.

கடைசிப் பக்கத்தில், நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துக் கிண்டலாக ஒன்று எழுதியிருந்தாயே, "ஞாயித்துக்கிழமை பட்டப்பகல்ல கையில கிளாஸ், பக்கத்துல பொண்டாட்டி, அந்தப் பக்கம் ஒரு பாட்டி, எல்லாருக்கும் கிளாஸ், என்னடா ஊரு அது" என்று. அந்தப் பாட்டி எங்கள் கீழ்வீட்டுக்காரர், எண்பதைத் தாண்டியவர். சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே அந்தக் கடைக்குத்தான் வருவார். இந்த ஊரில் ஞாயிறு பகல் பன்னிரண்டரை, ஒரு மணி என்றால் வெர்முட் நேரம். மதியச் சாப்பாடு இரண்டரைக்குக் குறைந்து எந்த வீட்டிலும் கிடையாது, அதுவரை பசியைக் கிளப்பிவிட ஒரு கிளாஸ், கொறிக்க ஏதாவது, நின்றுகொண்டே ஊர்க்கதை.

கிளாஸில் இருப்பது என்ன என்று நீ கேட்பாய். ஒயினில் கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து, மூலிகையும் மரப்பட்டையும் பழத்தோலும் ஊறவைத்து, சர்க்கரை கலந்து எடுப்பது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அதில் 75 சதவீதமாவது ஒயின் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், ஆல்கஹால் 14.5 முதல் 22 சதவீதத்துக்குள். நாங்கள் குடிக்கிறது 15 சதவீதம் வாக்கில். பார்க்கச் சிவப்பாக இருந்தாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் வெள்ளை ஒயின்தான், நிறம் கருக்கிய சர்க்கரையிலிருந்து வருகிறது. ஏலம், கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் எல்லாம் போடுவார்கள், ஆளுக்கொரு பக்குவம், யாரும் முழுசாக வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒன்று மட்டும் கட்டாயம். அர்டெமிசியா இனத்துச் செடி ஏதாவது ஒன்றின் ருசி இருந்தால்தான் அதை வெர்முட் என்று விற்கலாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகையோடு சேர்த்துக் கட்டுகிறார்களே மரிக்கொழுந்து, அதுவும் அதே இனம்தான்! இங்கே போடுவது அதன் பங்காளி, மணத்தைவிடக் கசப்பு ஜாஸ்தி. முதல் வாய் இனிப்பாக இறங்கும், அது போனபின் நாக்கின் அடியில் அந்தக் கசப்பு நிற்கும், உடனே எதையாவது தின்ன வேண்டும் போல இருக்கும்.

இது முதலில் ஸ்பெயின்காரர்களின் பழக்கம் இல்லை. இத்தாலியின் தூரின் நகரத்தில் 1786-இல் கார்பானோ என்ற கடைக்காரர் விற்க ஆரம்பித்ததைத்தான் இப்போதைய வெர்முட்டின் தொடக்கம் என்று சொல்கிறார்கள். இங்கே அதற்கு மவுசு ஏற்றியவர் மார்ட்டினி ரோஸ்ஸி என்ற இத்தாலிய வெர்முட் கம்பெனியின் பிரதிநிதியாக வந்த ஃப்ளாமினியோ மெஸ்ஸலாமா என்ற இத்தாலியர். 1902-இல் பாசேய்ச் தெ கிராசியா தெருவில் கஃபே தோரினோ என்று ஒன்று திறந்தார், அதன் அலங்காரத்தில் இந்த ஊரின் பெரிய கட்டடக் கலைஞர் காவுடியின் கையும் உண்டு. அந்தக் கடை இப்போது இல்லை. எனக்கு அதைவிட ரெயூஸ் ஊரின் கதைதான் பிடிக்கும். இங்கிருந்து ரயிலில் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். ஒரு காலத்தில் பிராந்தி வியாபாரத்தில் பாரிஸ், லண்டனோடு சேர்த்துப் பேசப்பட்ட ஊர். ஸ்பிரிட்டும் ஒயினும் வியாபாரிகளும் ஏற்கெனவே இருந்ததால் வெர்முட்டுக்கு மாறுவது அவர்களுக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை. இஸாகிர்ரே என்கிற வெர்முட் கம்பெனி 1884-இல் அங்கேதான் ஆரம்பித்தது. ஊரில் வெர்முட்டுக்கென்றே ஒரு மியூசியம் வைத்து, பழைய பாட்டில்களையும் போஸ்டர்களையும் அடுக்கியிருக்கிறார்கள்.

நாங்கள் போகிற கடை பெரிய இடம் இல்லை. பத்துப் பேர் நின்றால் பதினொன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். சுவரோரமாகப் பீப்பாய்கள், சிலர் வீட்டிலிருந்து காலி பாட்டில் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போவார்கள். குட்டையான கிளாஸில் ஐஸ், ஒரு ஆரஞ்சுத் துண்டு, ஒரு பச்சை ஆலிவ், மேலே வெர்முட். பக்கத்தில் தடித்த கண்ணாடிக் குப்பியில் கடைக்காரர் சோடா வைத்துவிடுவார், தலையில் இருக்கிற விசையை அமுக்கினால் சீறிக்கொண்டு வரும், எவ்வளவு வேண்டும் என்பது உன் இஷ்டம். கீழ்வீட்டுப் பாட்டி பாதிக்குப் பாதி சோடா அடிப்பார். சைட் டிஷ் எல்லாம் டப்பாவில் வருவது. வினிகரில் போட்ட நெத்திலி, சிப்பி, அப்புறம் மட்டி. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கிற கலீசியாக் கடலோரத்து மட்டிக்குத்தான் இங்கே ஏகப்பட்ட கிராக்கி. டப்பாமேலேயே உள்ளே எத்தனை என்று போட்டிருக்கும், எண்ணிக்கை குறையக் குறைய மட்டி பெரிசு, விலையும் எகிறும். தட்டில் கவிழ்த்து, விலாசார் தெ மார் ஊரில் இருக்கிற எஸ்பினாலேர் பார்க்காரர்கள் போடுகிற சிவப்பு சாஸை, வினிகரும் காரமில்லாத மிளகாய்த்தூளும் சேர்ந்தது, மேலே தெளித்துப் பல்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும். கூடவே உருளைக்கிழங்கு சிப்ஸ், அதன்மேலும் அதே சாஸ். முதலில் பார்த்தபோது சிப்ஸைப் போய் நனைக்கிறானே பாவி என்று இருந்தது, இப்போது நனையாத சிப்ஸ் எனக்கு இறங்குவதில்லை.

நம்மூரில் குடி எப்படி, உனக்கே தெரியும். கடையில் வாங்கி, சட்டைக்குள் சொருகி, சந்தில் நின்று ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, வாயில் பாக்கைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது. ஒளிந்து குடிப்பதால் வேகமாகக் குடிக்கிறோம், வேகமாகக் குடிப்பதால் ஆள் கவிழ்கிறான். இங்கே அம்மா, பிள்ளை, பேரன் எல்லோரும் ஒரே மேசையில். பேரனுக்கு ஜூஸ். வெர்முட் குடிக்கலாம் வா என்று கூப்பிட்டவன் பீர் வாங்கினாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டரைக்கு வீட்டில் சோறு காத்திருக்கிறது, போயே ஆக வேண்டும். எனக்குப் பிடித்ததே அதுதான், இதற்கு முடிகிற நேரம் என்று ஒன்று இருக்கிறது. மாமியார் சமைத்து வைத்திருக்கும்போது எவன் இரண்டாவது ரவுண்டுக்கு மேல் நிற்பான்?

இங்கே எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. எழுபது எண்பதுகளில் பீர் வந்து இதை ஓரங்கட்டியது, தாத்தாக்கள் குடிக்கிறது என்று ஆகிவிட்டது. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தாடி வைத்த பையன்கள் திரும்பக் கண்டுபிடித்தார்கள், விலையும் ஏறிவிட்டது. பகல் பன்னிரண்டுக்கு ஆரம்பித்துச் சாப்பாட்டையே மறந்து சாயங்காலம் வரை நிற்கிற கோஷ்டியும் உண்டு. அதை வெர்முட் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது சும்மா குடி.

ஜீரணத்துக்கு நல்லது, மருந்து மாதிரி என்று யாராவது ஆரம்பித்தாலும் எனக்கு எரிச்சல் வரும். மருந்து என்று சொல்லி விற்றது பழைய தந்திரம். பிரான்சில் துபோனே என்றொரு பானம், 1846-இல் வந்தது. வட ஆப்பிரிக்காவில் மலேரியாவில் விழுந்த சிப்பாய்கள் கசப்பான குயினைனை விழுங்க மறுத்தார்கள் என்பதற்காக இனிப்பு ஒயினில் கலந்து கொடுத்ததாம். மலேரியாவோடு சம்பந்தமே இல்லாத பாரிஸ்காரர்கள் அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் குடித்தார்கள். கசப்பு பசியைத் தூண்டும், அது வாஸ்தவம். அதற்காக ஆல்கஹாலை டானிக் ஆக்க முடியுமா? உன் டாக்டர் தம்பியிடம் சொல், சிரிப்பான்.

நீ குடிக்காதவன், அதனால் வந்தால் என்ன செய்வது என்று யோசிக்காதே. பிட்டர் காஸ் என்று ஆல்கஹால் இல்லாத சிவப்புக் கசப்பு சோடா இருக்கிறது, அதே கிளாஸ், அதே ஆலிவ், அதே மரியாதை. அக்டோபரில் வருவதாகச் சொன்னதை மறுபடி தள்ளிப் போடாதே. விசாவுக்கு இப்போதே தேதி வாங்கிவிடு, கடைசியில் போய் நின்றால் கிடைக்காது. வரும்போது அக்கா கையால் போட்ட சுண்டை வற்றல் அரைக் கிலோ கொண்டு வா, வறுத்து அந்தக் கடைக்காரருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், மட்டியின் விலைக்கு அவர் அதை விற்றாலும் விற்பார்.

அப்பாவின் மூட்டு எப்படி இருக்கிறது? ஆபரேஷன் வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கிறாராமே, மாடிப்படி பக்கம் மட்டும் தனியாக விடாதே. கீழ்ப்பக்கத்து வீட்டை வாடகைக்கு விடுவது என்ன ஆயிற்று என்றும் எழுது.

உன்,
பாலு

இன்னொன்று: ஊரில் எங்காவது வெர்முட் பாட்டிலைப் பார்த்து யாராவது வாங்கினால், திறந்தபின் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல். அது ஒயின்தான், அலமாரியில் வருஷக்கணக்காக வைத்திருந்தால் கெட்டுப்போகும். உன் மச்சான் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒன்று பார்த்த ஞாபகம், அதைக் கொட்டிவிடலாம்.