பேராசைக்காரர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசிப் பணப் பரிமாற்ற மோசடிகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், 'வாடிக்கையாளர்களின் பேராசையும் அலட்சியமுமே காரணம்' என்று பெயர் சொல்லாத வங்கி அதிகாரி ஒருவர் திருவாய் மலர்ந்திருக்கிறார். அதைக் கொட்டை எழுத்தில் கட்டம் கட்டி வேறு போட்டிருக்கிறீர்கள். பக்கத்திலேயே, முகமூடிக்காரன் மடிக்கணினியைத் தட்டும் அந்தப் பழைய படம்!

நான் பாஸ்போர்ட்கூட எடுக்காதவன். என் கிரெடிட் கார்டில் நள்ளிரவில் யாரோ டாலரில் பொருள் வாங்கியிருக்கிறார்கள். ஓடிபி வரவில்லை, வெளிநாட்டு இணையக் கடைகள் பல அதைக் கேட்பதே இல்லை என்பது தாங்கள் அறியாததல்ல. பணம் போன பிறகு ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. காலையில் வங்கிக் கிளை திறந்ததும் போய் நின்றேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஓடிபியை யாரிடம் சொன்னீர்கள், சார்?" என்று கேட்டார். வராத ஓடிபியை யாரிடம் சொல்வது? பிறகு, போலீஸ் புகார் நகல் வேண்டும் என்றார். காவல் நிலையத்திலோ வங்கியின் கடிதம் வேண்டும் என்றார்கள்.

புதிதாகக் கொடுக்கும் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-லேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு எனக்குக் கொடுத்த கார்டில் அது திறந்தே கிடந்திருக்கிறது. அந்தக் கார்டும் நான் கேட்டு வாங்கியதல்ல. வைப்புத்தொகையைப் புதுப்பிக்கப் போனபோது, 'கட்டணமே கிடையாது' என்று தலையில் கட்டியது. ஆள் சேர்க்கும் இலக்கு அவர்களுக்கு. பேராசைப் பட்டம் எங்களுக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்புக் பதியும் இயந்திரத்தில் 'பழுது' என்ற காகிதம் மஞ்சளாகிவிட்டது. பணம் கட்டும் கவுன்ட்டர்களில் ஒன்றுதான் மிச்சம். எதைக் கேட்டாலும் 'செயலியில் பாருங்கள்' என்கிறார்கள். கைபேசிப் பக்கம் எங்களைத் துரத்தியவர்களே இப்போது எங்களுக்கு விழிப்புணர்வு போதாது என்கிறார்கள்.

அவர்களுடைய விழிப்புணர்வு எப்படி? வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் வெளியார் செய்த மோசடியை, வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசாவும் நஷ்டமில்லை. தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கிதான். இதெல்லாம் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையிலேயே சொன்னவை. அதன் நகலை நான் நீட்டியபோது, மேலாளர் ஏதோ கல்யாணப் பத்திரிகையை வாங்குவதுபோல் வாங்கி மேசை ஓரத்தில் வைத்தார்.

தாங்கள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். அடுத்த முறை மோசடிச் செய்தி போடும்போது, அந்த முகமூடிக்காரன் படம் இருக்கும் இடத்தில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் மேற்சொன்ன விதிகளையும் போட்டால் போதும். இந்தக் கடிதத்தைச் சுருக்கி வெளியிடுவதானால், அந்த 3 வேலை நாள் கணக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கும்பகோணம்