முருகேசனுக்கு, வாட்ச் விஷயமாக

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு லேசானது. இன்னொரு கண்ணையும் தள்ளிப்போடாமல் பார்த்துவிடு. இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டான். சின்னவள் உயர்நிலை நான்கு. வருஷக் கடைசியில் பரீட்சை இருப்பதால் வீட்டில் டிவி சத்தமே இல்லை. சிராங்கூன் ரோட்டில் தீபாவளி விளக்குகள் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நீயும் தங்கச்சியும் வரும்போது தெரு முழுக்க ஜொலிக்கும்.

சரி, வாட்ச் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெறுகிறாய். உனக்கென்று ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்க ஆசைப்படுகிறாய். தங்கச்சியே போனில் "வாங்கிக்கட்டும் அண்ணா" என்று சொல்லிவிட்டது. பிறகு எதற்குத் தயக்கம்? நீ கேட்டது எதை வாங்குவது என்றுதான். எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் மச்சினர் மகன் ரோலெக்ஸ் சப்மரினரைச் சொன்னானாம், விலை ஏறிக்கொண்டே போகும், பிறகு விற்றால் லாபம் என்று. அந்த யோசனையை இப்போதே ஓரமாக வைத்துவிடு. சப்மரினர் அருமையான வாட்ச்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1953-ல் முக்குளிப்பவர்களுக்காகச் செய்தது. இன்றைக்கும் 300 மீட்டர் ஆழம் தாங்கும். ஆனால் இங்கே அங்கீகாரம் பெற்ற கடைக்குள் நுழைந்து பணத்தைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் காட்சிக்கு மட்டும். பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதுவும் எவ்வளவு நாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு வாரப் பயணத்தில் வருகிற உனக்கு அது நடக்காது. கைமாற்று விற்பனைக் கடைகளில் உடனே கிடைக்கும், ஆனால் புதிய வாட்சுக்குக் கம்பெனி போட்ட விலையைவிட அதிகமாகக் கேட்பது அங்கே சாதாரணம். அப்புறம், விற்கும் நாளை நினைத்து வாங்கிய பொருளை மனுஷன் நிம்மதியாகக் கட்டிக்கொள்ள முடியுமா? கீறல் விழுமோ, விலை குறையுமோ என்று பீரோவில் வைத்துப் பூட்டுவாய். உன் பணிக்கால உழைப்பு தினமும் உன் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பேட்டரி வாட்சா, சாவி கொடுப்பதா என்று கேட்டிருந்தாய். நேரம் துல்லியமாகக் காட்டுவது மட்டும்தான் வேண்டுமென்றால் கேள்வியே இல்லை. 1969 டிசம்பரில் சீகோ டோக்கியோவில் பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலேயே அந்தப் போட்டி முடிந்துவிட்டது. இன்றைக்குச் சில நூறு ரூபாய் பேட்டரி வாட்சும் பல லட்சம் ரூபாய் ஸ்விஸ் வாட்சைவிடச் சரியாக ஓடும். ஆனால் உங்கள் அப்பா கட்டியிருந்த எச்எம்டி ஜனதாவை நினைத்துப் பார். பெங்களூரில் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி துணையோடு தொடங்கிய தொழிற்சாலையின் சரக்கு. காலையில் பேப்பர் படித்து முடித்ததும் அதைக் கழற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்தச் சின்னத் திருகைப் பிடித்து, திருகு இறுகுகிற வரைக்கும் மெதுவாகச் சாவி கொடுப்பார். அந்த நேரத்தில் நம்மிடம் பேசமாட்டார். அந்த வழக்கம் உனக்குள் இருக்கிறது. அதனால் உனக்குக் கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்கூட வேண்டாம், தினம் கையால் சாவி கொடுக்கிற வாட்சைப் பார் என்கிறேன்.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் ஏமாறும் இடம் அதுதான். மணிக்கட்டில் ஒரு நூலைச் சுற்றி ஸ்கேலில் அளந்துகொண்டு வா. கடைக்காரர் சொல்லும் 38, 40, 42 மில்லிமீட்டர் எல்லாம் வாட்ச் உடலின் குறுக்கு விட்டம். உன் கைக்குப் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது அது மட்டும் இல்லை. பட்டை சேருகிற மேல் முனையிலிருந்து கீழ் முனை வரைக்கும் உள்ள நீளம்தான் முக்கியம். அது மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் இரவல் வாட்ச் போலத்தான் தெரியும். தடிமனையும் பார். நீ எப்போதும் முழுக்கைச் சட்டை போடுகிறவன். கை மடிப்புக்குள் வாட்ச் தடையில்லாமல் நுழைய வேண்டும்.

இதைச் செலவில்லாமல் கற்றுக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஆர்ச்சர்ட் ரோடு போவதற்கு முன்னால் உன்னை லிட்டில் இந்தியாவில் இருக்கிற முஸ்தஃபா கடைக்கு அழைத்துப்போகிறேன். அங்கே சீகோ 5 வகைகள் வரிசை வரிசையாக இருக்கும். எல்லா அளவையும் வாங்கிக் கட்டிப்பார், கண்ணாடி முன்னால் நின்று பார், கையைத் தொங்கவிட்டுப் பார். ஒரு மணி நேரத்தில் உன் கைக்கு எந்த அளவு என்று உனக்கே தெரிந்துவிடும். பிறகு பெரிய கடைக்குள் நுழையும்போது கூச்சம் இருக்காது.

இப்போது என் மனதில் உள்ள இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று கிராண்ட் சீகோ. 1960-ல் தொடங்கிய வரிசை. ஜப்பானின் இவாதே மாகாணத்தில், ஷிசுகுயிஷி என்ற ஊரில் இதன் இயந்திர வாட்சுகளைச் செய்கிறார்கள். எஸ்பிஜிடபிள்யூ231 என்று ஒரு மாடல்: 37.3 மில்லிமீட்டர், தந்த நிற டயல், தேதி கிடையாது, கையால் சாவி கொடுப்பது. முழுச் சாவி கொடுத்தால் மூன்று நாள் ஓடும். கடையில் இதைக் கையில் வாங்கியதும் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார். மணி முள்ளின் ஒரு பாதி வெள்ளையாக மின்னும், மறு பாதி கருத்திருக்கும். நடுவில் கத்தி முனை போல ஒரு கோடு. கையை இம்மி அசைத்தால் வெளிச்சம் அப்படியே பக்கம் மாறும். அரண்மனைக்குச் செய்த நகையில்கூட இவ்வளவு சுத்தமான விளிம்பை நான் பார்த்ததில்லை. குறை என்றால் தண்ணீர்: 30 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பிக் குளத்தில் இறங்கிவிடாதே. அது சோதனைச் சாலையில் கொடுக்கும் அழுத்தத்தின் கணக்கு. கை கழுவும்போது தெறிப்பதைத் தாங்கும், அவ்வளவுதான். தோல் பட்டை வேறு. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் தோல் பட்டை சீக்கிரம் வியர்வை வாடை பிடித்துவிடும் என்பது இங்கே வாட்ச் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். மதுரை வெயிலிலும் அதே கதிதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். உண்மையைச் சொன்னால் உன் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தோன்றியது இதுதான். பொத்தானை அழுத்தி ஸ்டாப்வாட்ச் போல விநாடி அளக்கிற வாட்ச், 1957-ல் வந்தது. நாசா 1965-ல் சூடு, குளிர், அதிர்ச்சி, வெற்றிடம் என்று எல்லாச் சோதனையும் வைத்து விண்வெளி வீரர்களுக்காகத் தேர்ந்தெடுத்தது. 1969 ஜூலையில் ஆல்ட்ரின் நிலாவில் நடந்தபோது கட்டியிருந்தது இதைத்தான். 1970-ல் அப்போலோ 13 விண்கலம் பழுதாகித் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, பாதையைத் திருத்த எஞ்சினைச் சரியாக 14 விநாடி இயக்க வேண்டியிருந்தது. அந்த 14 விநாடியை அளந்ததும் இந்த வாட்ச்தான். நீ வகுப்பில் அப்போலோ கதையைச் சொல்லும்போது கடைசி பெஞ்சுகூட அமைதியாகிவிடும் என்று எழுதியிருந்தாயே.

இதிலும் ஆட்டோமேட்டிக் இல்லை, கையால் சாவி கொடுக்க வேண்டும். இப்போது வருகிற 3861 என்ற இயந்திரம் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும், விநாடிக்கு ஆறு முறை துடிக்கும். உள்ளே இருக்கும் சுருள்வில் சிலிக்கானில் செய்தது. 15,000 காஸ் காந்தப்புலத்தில் வைத்தாலும் ஓட்டம் கெடாது என்று சோதித்துத் தருகிறார்கள். சாதாரண வாட்சுகள் திடீரென்று வேகமாக ஓடுவதற்குப் பெரும்பாலும் காந்தம்தான் காரணம். போன் ஸ்பீக்கர், பை மூடி, ஐபேட் உறை என்று வீடெல்லாம் காந்தம். ஸ்பீட்மாஸ்டரில் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகரவிடுகிற கோ-ஆக்சியல் என்ற அமைப்பை ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயக் கடிகாரக்காரர் தனியாளாக யோசித்துக் கண்டுபிடித்தார். பல்சக்கரம் உரசுவதைக் குறைத்து, தள்ளிவிட்டுப் போகிற மாதிரி மாற்றினார். எண்ணெய் காய்ந்து வாட்ச் தடுமாறுகிற பழைய தொல்லைக்கு அது மருந்து. பெரிய கம்பெனிகள் வருஷக்கணக்கில் கண்டுகொள்ளவில்லை. 1999-ல்தான் ஒமேகா விற்பனைக்குக் கொண்டுவந்தது. உராய்வையும் காந்தத்தையும் ஊசலையும் வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதியவன் கையில் இருக்க வேண்டிய பொருள் இது என்று நான் மனதார நம்புகிறேன்.

கண்ணாடியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பழைய மாதிரி பிளாஸ்டிக் கண்ணாடி; கீறல் விழும், ஆனால் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும். சாய்த்துப் பார்த்தால் நடு மையத்தில் ஊசி முனை அளவுக்கு ஒமேகா சின்னம் தெரியும். இன்னொன்றில் நீலமணிக் (சஃபையர்) கண்ணாடி, பின்பக்கமும் கண்ணாடி. விலை கூடுதல். நீ கூடுதல் கொடுத்துப் பின்பக்கம் திறந்ததையே எடு. பொத்தானை அழுத்தும்போது உள்ளே நெம்புகோல்கள் ஒன்றையொன்று தள்ளுவதைப் பார்க்காமல் உன்னால் இருக்க முடியாது. ஒரே சந்தேகம் அளவுதான்: 42 மில்லிமீட்டர். மேலிருந்து கீழ் நீளம் குறைவு என்பதால் எண்ணைக் கேட்டு நினைப்பதைவிடச் சின்னதாகவே உட்காரும். என்றாலும் உன் கை மெல்லியது. கட்டிப் பார்த்துப் பெரிதாகத் தெரிந்தால் மறுபேச்சில்லாமல் கிராண்ட் சீகோவுக்குப் போ.

செகண்ட் ஹேண்ட் வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். லக்கி பிளாசாவிலும் ஃபார் ஈஸ்ட் பிளாசாவிலும் அப்படிப்பட்ட கடைகள் இருக்கின்றன, நல்ல வியாபாரிகளும் இருக்கிறார்கள். பெட்டி, உத்தரவாத அட்டை, அட்டையிலும் வாட்சிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம் விளிம்பு. ஒரு கடையில் ஒரே மாடல் இரண்டை அருகருகே வைத்துக் காட்டினார்கள். ஒன்றின் ஓரம் விரல் நகத்தில் தட்டுகிற மாதிரி கூர்மையாக இருந்தது. இன்னொன்று பளபளவென்று இருந்தாலும் ஓரமெல்லாம் கரைந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிப்போயிருந்தது. கீறலை மறைக்கத் திரும்பத் திரும்பப் பாலிஷ் போட்டதன் விளைவு. போன உலோகம் திரும்ப வராது. முதல் வாட்ச் என்பதால் நீ புதியதே வாங்கு. உத்தரவாதம் இருக்கும், மனசிலும் சந்தேகம் இருக்காது.

பணக் கணக்கு. இங்கே பொருள் சேவை வரி 9 சதவீதம். சுற்றுப்பயணியாக வருவதால் புறப்படும் நாளில் சாங்கி விமான நிலையத்தில் திரும்பக் கேட்கலாம். கட்டணம் பிடித்துக்கொள்வதால் முழுசாக வராது. கடைக்குப் போகும்போது பாஸ்போர்ட் எடுத்துக்கொள், வாட்சைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பாமல் கையிலேயே வைத்துக்கொள். மதுரையில் இறங்கும்போது சுங்கத்தில் சொல்லித் தீர்வை கட்டிவிடு, ரசீதைப் பத்திரப்படுத்து. அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் சென்னை விலைக்கும் இங்கத்திய விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகலாம். ஸ்விட்சர்லாந்து இருக்கிற நான்கு நாட்டுக் கூட்டமைப்போடு இந்தியா 2024 மார்ச்சில் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் ஸ்விஸ் வாட்சுக்கான தீர்வை அங்கே படிப்படியாகக் குறைந்தும் வருகிறது. அதனால் கிளம்புவதற்கு முன் சென்னையில் ஒரு விலை கேட்டு எழுதிக்கொண்டு வா. பக்கத்தில் எங்கே சர்வீஸ் செய்வார்கள் என்பதையும் அப்போதே கேள். ஐந்து வருஷத்துக்கோ பத்து வருஷத்துக்கோ ஒருமுறை பிரித்து எண்ணெய் போட்டாக வேண்டும், அந்தச் செலவும் சின்னதில்லை.

என் கையில் இருப்பது டியூடர் பிளாக் பே ஐம்பத்தெட்டு. கப்பல் பட்டறைக்கும் கட்டிக்கொண்டு போகிறேன், பெருநாளுக்கும் அதுதான். செயினில் கீறல் நிறைய. நீ வந்ததும் கழற்றித் தருகிறேன், ஒரு நாள் முழுக்கக் கட்டிப்பார். இரும்புச் செயின் எடை உனக்கு ஒத்துவருகிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

சனி, ஞாயிறில் ஆர்ச்சர்ட் ரோடு நெரிசல் தாங்காது. நான் ஒரு புதன்கிழமை லீவு எடுத்துவிடுகிறேன். தேக்காவில் பசியாறிவிட்டு, முஸ்தஃபா முடித்து, மதியத்துக்கு முன் அந்தப் பக்கம் போய்விடலாம். தங்கச்சியும் எங்கள் வீட்டு அம்மாவும் தீபாவளிப் புடவைக்கு லிட்டில் இந்தியாவிலேயே இருந்துகொள்வார்கள். டிக்கெட் போட்டதும் விமான எண்ணையும் வந்திறங்கும் நேரத்தையும் அனுப்பு. மணிக்கட்டு அளவையும் அதிலேயே எழுதிவிடு. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
செல்வம்